புல் வெட்டும் ஞாயிறு

கோயில் தலைவர் முருகையாவுக்கு பேனர் உண்டு, மாலை உண்டு, மைக் உண்டு. என் நாத்தனார் பிரேமலாவுக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் தையல் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கோபம் ஆறவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரேமலா கோலகுபு பாரு பக்கத்தில் இருக்கும் ஓர் இராணுவப் பயிற்சி முகாமில் வேலை செய்கிறாள். சிப்பாய் இல்லை. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. அலுவலக வேலை. பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்குக் கட்டில் ஒதுக்குவது, லீவு எழுதுவது, சமையல் கட்டுக்கு எத்தனை பேருக்குச் சோறு என்று சொல்லி அனுப்புவது, மக்கர் பண்ணும் போட்டோஸ்டாட் மெஷினைத் தட்டி வேலை வாங்குவது எல்லாம் அவள்தான். சுடும் பயிற்சி இருந்தால் முதல் நாளே சுற்றியிருக்கும் தாமான்களின், அதாவது குடியிருப்புகளின், தலைவர்களுக்குப் போன் போட்டு, நாளைக்கு யாரும் வேலிப் பக்கம் வராதீர்கள் என்று மலாயில் சொல்லவேண்டியதும் அவள் வேலை. எங்கள் ஆட்கள் அவளை ‘கேம்ப் கிராணி’, முகாம் குமாஸ்தா, என்பார்கள். சொல்லும்போது கொஞ்சம் இளக்காரம் இருக்கும். காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் அது ‘பிரேமலாம்மா’ ஆகிவிடும்.

முகாமின் சுடும் திடல் இருக்கும் இடம் ஒரு காலத்தில் புக்கிட் லாலாங் தோட்டம். நான் ஜெராமிலிருந்து வாழ வந்தவள், அந்தத் தோட்டத்தை முழுசாகப் பார்த்ததில்லை. பிரேமலாவும் அவள் அண்ணனும் பிறந்தது அங்கேதான். தோட்டத்தை விற்றார்கள், தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்தார்கள், ஆட்கள் அம்பாங் பெச்சாவுக்கும் ரவாங்குக்கும் போனார்கள். நிலம் இராணுவத்துக்குப் போனது. எல்லாம் தரைமட்டம். இலக்குப் பலகைகள் நடும் மேட்டுக்குப் பின்னால், ஓர் அரச மரத்தடியில் முனியாண்டி கோயில் மட்டும் நின்றுவிட்டது. ஒரு கல், ஒரு சூலம், தகரக் கூரை. அவ்வளவுதான்.

அந்தக் கோயிலுக்கு வருஷத்தில் ஒரு நாள் எங்கள் ஆட்கள் உள்ளே போய் வந்தார்கள் என்றால், அது பிரேமலா வாங்கிக் கொடுத்த நாள். ஆடி மூன்றாம் ஞாயிறு.

எப்படி வாங்கினாள் தெரியுமா? மனு எழுதவில்லை, யார் காலிலும் விழவில்லை. திடலில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளரும். வெட்ட ஆள் போதாது. அவள் அப்போது இருந்த மேஜரிடம் போய், பழைய தோட்டத்து ஆட்கள் வந்து கோத்தோங் ரோயோங் செய்து தருகிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடாமல் இருந்தால் போதும் என்றாள். மலாய்க்காரர்களுக்குக் கோத்தோங் ரோயோங் என்றால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஊர்கூடிச் செய்யும் வேலைக்கு அவ்வளவு மதிப்பு. மேஜர் சிரித்துவிட்டு, “புல் வெட்டுவதை நான் பார்ப்பேன். வெட்டி முடித்துவிட்டு நீங்கள் செய்வதை நான் பார்க்கமாட்டேன்” என்றாராம்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மேஜர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் போகும்போது அடுத்தவரிடம் அந்த ஞாயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்கள் வருவார்கள், போனைக் காவல் அறையில் கொடுப்பார்கள், உண்மையாகவே வியர்க்க வியர்க்கப் புல் வெட்டுவார்கள். பிறகு கல்லைக் கழுவி, பொட்டு வைத்து, பொங்கல் படைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்புவார்கள். மேளம் இல்லை, மைக் இல்லை. பிரேமலா முன்னால் நடந்து கூட்டிப் போவாள், கடைசி ஆள் வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பாள்.

அவள் அப்படி ஒன்றும் பக்திமான் இல்லை. வெள்ளிக்கிழமைகூடக் கோழி சாப்பிடுவாள். “அப்புறம் ஏன்டி இவ்வளவு பாடு?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“மத்தது எல்லாத்தையும் எடுத்துட்டாங்க அண்ணி. இத மட்டும் மறந்துட்டாங்க. நாம ஏன் ஞாபகப்படுத்தணும்? சத்தம் போடாம வருஷத்துக்கு ஒருவாட்டி போய்ட்டு வந்தா, அது நம்மளுதாவே இருக்கும்லா.”

இந்தப் புத்தி முருகையாவுக்கு இருந்திருந்தால் எனக்கு இன்று இந்த வயிற்றெரிச்சல் இல்லை.

முருகையா போன வருஷம் கோயில் கமிட்டித் தலைவரானார். எங்கள் தாமான் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பதவி என்றால் அந்த மனிதருக்குக் கஞ்சிக்கு உப்பு மாதிரி. வந்த கையோடு அம்பாங் பெச்சா சந்திப்பில் ஒரு பேனர் கட்டினார். முனியாண்டி ஒரு மூலையில் கட்டை விரல் அளவு. நடுவில் முருகையா, கை கூப்பிக்கொண்டு. அவர் பக்கத்தில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. ‘தலைவரின் பெருமுயற்சியால் இராணுவ முகாமுக்குள் மாபெரும் திருவிழா, அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில்.

பிரேமலா நேராக அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“அண்ணே, பேனர இறக்கிடுங்க. இது திருவிழா இல்ல, கோத்தோங் ரோயோங். வெளிய தெரிஞ்சா மூடிருவாங்க.”

“என்னம்மா, காலம்பூரா திருடன் மாதிரியா சாமி கும்புடுறது? நமக்கும் ஒரு கெத்து வேணாமா?”

“சாமி கும்புட உங்க போட்டோ எதுக்குண்ணே?”

அவர் பேனரை இறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கையில் கத்தி இல்லை. புல் வெட்டியது பழைய ஆட்கள் மட்டும்தான். மற்றவர்கள் பட்டு வேட்டியில் வந்து நிழலில் நின்றார்கள். போன்களைக் காவல் அறையில் கொடுத்தார்கள், ஒன்றைத் தவிர. அதைப் பொங்கல் பானைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்து, மேலே வாழை இலை போட்டு மூடிக் கொண்டுபோனார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய், சாமிக்குப் படைக்கிற சாப்பாடு என்று மரியாதையாகத் தொடாமல் விட்டான். அந்த மரியாதையைத்தான் இவர்கள் ஏய்த்தார்கள்.

பூஜை நேரத்தில் முருகையா கோயில் முன்னால் நின்று ஃபேஸ்புக்கில் நேரலை விட்டார். அவருக்குப் பின்னால் மணல் மூட்டைச் சுவரும் இலக்குப் பலகைகளும் பளிச்சென்று தெரிந்தன. “இராணுவத்தையே பணிய வெச்சிட்டோம்!” என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது. பிரேமலா முகாம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாளே அந்த வீடியோ முகாமின் மேலதிகாரி மேசைக்குப் போய்விட்டது. இப்போதைய மேஜர் ஹஃபீஸ் அவளைக் கூப்பிட்டார். அவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “புவான், நான் கண்ணை மூடிக்கொள்ளலாம். ஊரே பார்க்கிற வீடியோவுக்கு எப்படி மூடுவேன்?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோத்தோங் ரோயோங் அத்தோடு முடிந்தது. புல் வெட்டுவதைக் காண்ட்ராக்டுக்கு விட்டார்கள். கோயில் பக்கம் வெளியாள் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. பிரேமலாவுக்கு எச்சரிக்கைக் கடிதம், ஓய்வு பெறுவதற்கு முன்னால் வரவேண்டிய பதவி உயர்வும் கையை விட்டுப் போனது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினாள்.

முருகையா என்ன செய்தார்? பிரேமலா எங்கள் வீட்டில் இருந்தபோது பழத்தட்டோடு வந்தார். “மேஜர்கிட்ட நீ ஒரு வார்த்த பேசிப் பாரும்மா. அடுத்த வாட்டி பேனர்ல உன் படமும் போட்டுருவோம்லா.” நான் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு எழுந்த வேகத்தில் அவர் பழத்தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

இந்த வருஷம் ஆடி வந்தது. பயிற்சி அட்டவணையில் மூன்றாம் ஞாயிறும் சுடும் நாள். அந்த அட்டவணையை டைப் அடித்ததும் பிரேமலாதான், வேறு யார் அடிப்பார்கள்? சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாமான் தலைவராகக் கூப்பிட்டாள். கடைசியாக முருகையா. ஸ்பீக்கரில் போட்டாள்.

“செலாமாட் பெத்தாங், துவான் முருகையா,” என்று மாலை வணக்கம் சொல்லி, ஐயா போட்டு ஆரம்பித்தாள்.

“யாரு, பிரேமலாவா? என்னம்மா மலாய்ல பேசுற?”

அவள் குரல் மாறவில்லை. நாளை காலையிலிருந்து நிஜத் தோட்டாக்களுடன் சுடும் பயிற்சி, உங்கள் குடியிருப்பாளர்கள் யாரும் வேலியை நெருங்கக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் மலாயிலேயே சொன்னாள்.

“ஏம்மா, நாளைக்கு நம்ம மூணாவது ஞாயிறு ஆச்சே...”

புரிந்ததா துவான் என்று கேட்டாள். எத்தனையோ மைக்கைப் பிடித்த வாய், கடைசியில் “ஃபஹாம்”, புரிந்தது, என்று மட்டும் சொன்னது.

“தெரிமா காசே,” என்று நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் அவளை எங்கள் வீட்டிலேயே சாப்பிடச் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது முதல் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு விடாமல் கேட்டது. பிட்ட தோசை அவள் கையிலேயே நின்றது.

“இந்நேரம் புல்லு வெட்டி முடிச்சிருப்போம் அண்ணி,” என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்த வருஷம் முழுக்க அழாதவள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

முருகையா வீடு எங்களுக்கு அடுத்த வரிசைதான். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நன்றாகக் கேட்கட்டும்.