வீரகத்தியும் நிமிர்த்தி வைத்த டீசல் பரலும்

பூநகரிப் பக்கத்துச் சிறிய ஆசுபத்திரி ஒன்றில் 1961இல் நான் தாதியாக, ஊராருக்கு ‘மிஸி’யாக, இருந்தபோது எங்கள் ஜீப்பை ஓட்டியவர் வீரகத்தி. நாற்பது வயது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் இருந்தார்கள். நான்கு சில்லும் இழுக்கும் அந்த டீசல் ஜீப் இல்லாவிட்டால் மாரியில் எந்த நோயாளியும் கிளிநொச்சிக்குப் போய்ச் சேரமாட்டார். பழுது பார்க்கிறவர் வவுனியாவிலிருந்து வர ஒரு கிழமை செல்லும். அதனால் வீரகத்தியே பார்த்துக்கொள்வார். காடு வெட்டும் இயந்திரங்களில் எடுபிடியாக நின்று கற்ற வேலை.

அவர் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் நிற்பேன், கண் வைத்திருக்கத்தான். அவருடைய மச்சானிடம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் மிஷின் ஒன்று இருந்தது. ஜீப் ஆசனத்துக்குக் கீழே எப்போதும் ஒரு வெறும் தகரம் கிடந்தது. முகர்ந்தால் டீசல் மணக்கும். வடிகட்டி கழுவுகிற தகரம் என்பார். நான் நம்பவில்லை; எங்கள் டீசல் மச்சானின் மிஷினுக்குப் போகிறது என்றே நினைத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூசை கழிந்து பத்தாம் நாள் ஜீப் வெள்ளைப் புகை தள்ளி, இருமி நின்றது. மூன்று நாளில் மறுபடியும் நின்றது. அப்போது உள்ளே வலியோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி. மாட்டுவண்டி பிடித்துத்தான் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. வீரகத்தியை விலக்கச் சொல்லி டொக்டர் கடிதம் எழுதி வைத்துவிட்டு, இன்னொரு தடவை நின்றால் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார்.

வீரகத்தி வடிகட்டியின் அடித் திருகைக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது, பிறகுதான் டீசல். திருகைப் பூட்டி, மேல் திருகை இளக்கி, கைப்பம்பை அடித்தார். நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்வரை அடித்தார். ஊசி போடுமுன் நாங்கள் காற்றைத் தள்ளுவதும் அதே மாதிரித்தான். வேலை சரி. ஆள் சரியா என்பதுதான் என் கேள்வி.

"தண்ணி தானாக வராது, வீரகத்தி," என்றேன்.

"ஓம் மிஸி, வராதுதான். காக்காவைத்தான் கேக்கவேணும்."

காக்கா என்று அண்ணன் முறையில் அவர் சொன்னது, பரல் எனும் இரும்புப் பீப்பாய்களில் டீசல் கொண்டுவரும் நாச்சிக்குடா முஸ்லிம் வியாபாரி கச்சு முகம்மதுவை. அடுத்த லொறி வந்ததும் கேட்டார்.

"நான் சீல் வைச்சுத் தந்தனான். திறந்தது நீ," என்றார் கச்சு முகம்மது. "உன்ர மச்சான்ர மிஷினுக்கு வாயிருந்தா அதையும் ஒருக்காக் கேட்டுப் பாரன்."

வீரகத்தியின் முகம் கறுத்தது. டீசலை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பிய ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

நோயாளிகளின் சலம் சோதிக்கும் கண்ணாடிப் போத்தல்கள் மூன்றைக் கழுவிக் காய வைத்து, ஆசுபத்திரிக் காவலாளியைக் கொண்டு நிரப்புவித்தேன். காக்கா அன்று இறக்கிய புதுப் பரலின் சீலை அப்போதே உடைத்து அதிலிருந்து ஒன்று, எங்கள் பரலின் அடியிலிருந்து ஒன்று, ஜீப்பின் எண்ணெய்த் தாங்கியிலிருந்து ஒன்று. அசைக்காமல் ஓர் இரவு அலுமாரியில் வைத்தேன். காலையில் புதுப் பரல் டீசல் தெளிவாக இருந்தது. எங்கள் பரல் போத்தலில் அடியில் இரண்டு விரல் தண்ணீர். தாங்கிப் போத்தலில் அரை விரல். ஆகவே காக்கா இல்லை.

போத்தல்களோடு டொக்டரிடம் போகும் வழியில், மழைக்காக டீசல் கொட்டிலுக்குள் ஒதுங்கினேன். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பு இரண்டு பனங்குற்றிகளின்மேல் படுத்துக் கிடந்த பரல் இப்போது நிமிர்ந்து நின்றது. அதன் தலையில், விளிம்புக்குள் குளம்போல் தண்ணீர். அதில் அழுகிய செவ்வந்தி மிதந்தது. மூடி தண்ணீருக்கு அடியில் இருந்தது. இரண்டு விரலால் திருப்பினேன், சுழன்றது; அந்த இளக்கத்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

வீரகத்தியைக் கூப்பிட்டு, பரலை யார் நிமிர்த்தியது என்று கேட்டேன்.

மிதந்த செவ்வந்தியை எடுத்து வெளியே போட்டார். "நான்தான் மிஸி. பூசைக்கு நாலு வாளி தண்ணி ஊத்திக் கழுவி, சந்தனம் பூ வைச்சனான். சந்தனம் வைச்சதைப் புரட்டிக் கிடத்த மனம் வரேல்லை."

குழாயை அடிவரை விட்டு உறிஞ்சியதால் அடியில் தங்கிய தண்ணீரைத்தான் ஜீப்புக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். பூசையும் அவர், தண்ணீரும் அவர். களவு மட்டும் இல்லை.

டொக்டர் போத்தல்களைப் பார்த்தார், பரலையும் வந்து பார்த்தார். எழுதி வைத்த கடிதத்தை அவர் கிழிக்கவில்லை, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

அன்றே தாங்கியை வெறுமையாக்கினோம். பரலைக் குற்றியில் கிடத்தி, டீசல் எடுக்கும் குழாய்ப் பக்கம் நாலு விரல் உயர்த்தினோம், தண்ணீர் பின்னுக்குத் தங்கட்டும் என்று. இரண்டு நாள் தெளியவிட்டு, இரட்டைத் துணியில் வடித்து ஊற்றினோம். காற்றை எடுத்ததும் ஜீப் பிடித்துக்கொண்டது.

வீரகத்தி சைக்கிளில் நாச்சிக்குடாவுக்குப் போய்த் தன் பிழையைச் சொன்னார். கச்சு முகம்மது தேத்தண்ணி கொடுத்து, "இதிலையும் தண்ணி கலந்திருக்கு, பாத்துக் குடி," என்றாராம்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் பரலின் அடியிலிருந்து வீரகத்தி நிரப்பிய டீசல் போத்தல் ஒன்று என் மேசைக்கு வரும். நான் கேட்காமல் எதற்குக் கொண்டுவருகிறீர் என்றேன்.

"நீங்கள் கேக்கிறதுக்கு முதல்," என்றார்.

போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் போகவிட்டேன்.