தள்ளுவண்டிக்காக ஒரு வாதம்

ஒருவருக்காக வாதாடுவதே அவருக்கு இடைஞ்சலாகிவிடுமா? கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்தில் ஒரு தாய் இந்தக் கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றார்.

மெலிந்த உருவம், ஈரம் உலராத கூந்தல், தோளில் இரண்டு மாதக் குழந்தை, தள்ளுவண்டியில் மூன்று வயது மகள். வண்டியை மடக்காமல் ஏறக்கூடாது என்றார் ஓட்டுநர். சமூகவியல் படித்த நான் சும்மா இருப்பேனா? அது தாய்மார்களின் உரிமை என்று மலாயில் விளக்கத் தொடங்கினேன். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, போதும் லா. பத்து மணிக்குள்ள கிளினிக்ல நம்பர் எடுக்கணும். விட்டா ஊசிக்கு அடுத்த மாசம்தான். இந்தாங்க, இவன புடிங்க."

குழந்தை என் கைக்கு வந்துவிட்டது. பையை ஒரு மலாய் அம்மாளிடமும் மகளை ஒரு சீனப் பெரியவரிடமும் ஒப்படைத்தார் அந்தத் தாய். ஒரே உதையில் வண்டி மடங்கியது. முன்பின் தெரியாதவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

"ஃபைல் மாதிரி புடிக்காதீங்கண்ணே, தலைய தாங்குங்க. என்ன படிச்சிருக்கீங்க?"

"மாஸ்டர்ஸ்."

"அதான்."

கிளினிக் நிறுத்தத்தில் இறங்கும்போது பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. கொடுத்த அனைத்தையும் எங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு ஓடினார்.

பேருந்துகளில் தள்ளுவண்டிக்கு இடம் கேட்டு நான் இன்னும் மனு எழுதுகிறேன். ஆனால், குழந்தைகளோடு யாராவது ஏற வந்தால், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் அவர்களைத்தான் கேட்கிறேன்.