தறி கைமாறும் நேரம்

தொண்ணூறுகளில், மதுரைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பின் கடைசி வருடம் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. மற்றவர்கள் புரோகிராம் எழுதட்டும், நான் புரோகிராம் எழுதுகிற புரோகிராமையே எழுதுகிறேன் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். என்ன நடக்க வேண்டும் என்பதை விதிகளாகக் கொடுத்தால் போதும். அந்த விதிகளின் வாக்கியம் எப்படி அமையலாம் என்று ஓர் இலக்கணம் வகுத்திருந்தேன். மீதியைத் தர்க்கம் பார்த்துக்கொள்ளும்.

"திங்கக்கிழமைக்குள்ள உன் புரோகிராம் ஒரு புரோகிராமாவது எழுதிக் காட்டட்டும்மா. இல்லேன்னா அடுத்த வருசம் வேற ப்ராஜெக்ட்" என்றார் அவர்.

அடுத்த வருடமா! அப்பா ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்த வருசத்தோட சரி, ஆத்தா. முடிச்சாலும் முடிக்காட்டியும் வீட்டுக்கு வந்துரணும்."

பாளையம்பட்டியில் எங்களுக்கு விசைத்தறிக் கூடம் இருந்தது. ஷிப்ட் மாறும்போது தறி ஒரு ஆளிடமிருந்து அடுத்த ஆளுக்குக் கைமாறுவதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். விதிகளை அப்பா போனில் பெருமையாக அடுக்கினார். தறி நிற்கக் கூடாது, நின்றால் துணியில் கோடு விழும். ஓடுகிற தறியை ஆளில்லாமல் விடக் கூடாது. ஒரு தறியில் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறை விழுந்ததும் ஒருத்தன் இன்னொருத்தனைக் கைகாட்டுவான்.

மூன்றையும் கொடுத்தேன். திரையில் ஒரே வரி வந்தது: இப்படி ஒரு புரோகிராம் கிடையாது.

அட சனியனே! நான்கு நாள் நான் எழுதியதை வரிவரியாகத் துருவினேன். வெள்ளிக்கிழமை கோபத்தோடு பஸ் ஏறி ஊருக்கே வந்துவிட்டேன்.

கூடத்தில் அப்போது ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. வேலை முடித்தவர் நகரவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் அவர் பக்கத்தில் போய் நின்றார். "ஏலே, சாப்ட்டியா?" "ஆச்சு, நீ கெளம்பு." அதற்குப் பிறகுதான் முதல் ஆள் விலகினார்.

"ஒரு தறிக்கு ஒரே ஆளுன்னு சொன்னீக! இங்க ரெண்டு பேரு நிக்கிறாகளேப்பா!"

"அது கைமாத்தி விடுற ஒரு நிமிசம்த்தா. அதையெல்லாமா விதின்னு சொல்லுவாக?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் புரோகிராம் தப்பே பண்ணவில்லை. இருந்தவர் முதலில் விலகினால் ஓடுகிற தறி ஆளில்லாமல் நிற்கும்; வந்தவர் முதலில் சேர்ந்தால் ஒரு தறியில் இரண்டு பேர் ஆகிவிடும். அந்த மூன்று விதிகளும் சேர்ந்து நடக்க வழியில்லை என்பதை, தறியையே பார்த்திராத அது சரியாகச் சொல்லியிருக்கிறது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த நான்தான் நம்பவில்லை.

கைமாறும் அந்த நிமிடத்துக்கு மட்டும் இரண்டு பேர் இருக்கலாம் என்று மூன்றாம் விதியைத் திருத்தினேன். திங்கட்கிழமை, பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, அது மளமளவென்று எழுதிக்கொண்டே போனது. முதலில் வருகிறவர் சேர வேண்டும், பிறகுதான் இருந்தவர் விலக வேண்டும் என்ற வரிசையை நான் எங்கேயும் சொல்லவில்லை. அதுவே கண்டுபிடித்திருந்தது. பேராசிரியர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அப்பா குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுகைதான் வந்தது.

"அட, இதுக்குப் போயா அழுகுற?" என்றார் அப்பா. "போனாப் போகுதுத்தா. இன்னொரு வருசம் படி. நான் பாத்துக்கிறேன்."

நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.