மீனாட்சிபுரத்து எல்லைக்கல்லும் என் கடைசி அத்தியாயமும்

போன தை மாதம் மூன்றாம் தேதி மீனாட்சிபுரம் போய்வந்தேன். போனதற்குக் காரணம் கோபம். அந்த ஊரை வைத்துப் பத்திரிகையில் நான் எழுதிவந்த தொடர்கதையைப் படித்துவிட்டு, நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார்: "தங்கள் கதாநாயகன் எல்லைக்கல்லில் நின்று கூப்பிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிழக்கே கடலைக்காட்டில் வேலை செய்யும் கதாநாயகி செங்கமலத்துக்குத் தை மாதத்தில் அது எப்படிக் கேட்கும்? தாங்கள் இந்தப் பக்கம் வந்ததுண்டா?"

வந்ததில்லை. கோயமுத்தூரில் உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்தே இருபத்திரண்டு வாரம் ஓட்டியிருந்தேன்! கடைசி அத்தியாயம் சனிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதில் அவன் ஒருமுறைதான் கூப்பிடுவான். அவள் காதில் விழாவிட்டால் மறுநாள் அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம். கதையே அந்தக் குரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சியில் காலை ஏழு பத்துக்கு ரயில். பன்னிரண்டு பதின்மூன்று மைல், முக்கால் மணி நேரம், மூன்றாம் வகுப்புக்கு மூன்றரை அணா. இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், ஆனைமலை கூடவே வரும். இறங்கியதும் கிழக்கேயிருந்து அடித்த காற்று என் குடையைத் திருப்பிப் போட்டது. அப்பப்பா, என்ன காற்று! மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கணவாயில் மார்கழி, தை முழுக்க இப்படித்தானாம். பனைமரங்கள் அத்தனையும் மேற்கே பார்த்துத் தலைவிரித்து நின்றன. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

பால்வண்டிக்காரர் சின்னப்பன் என்னை எல்லைக்கல் வரை ஏற்றிப்போனார். கல்லுக்கு மேற்கே கொச்சிச் சீமை, கிழக்கே பிரிட்டிஷ் சீமை. கிழக்கே நூறு கஜத்தில் அவர் மனைவி ராமாத்தாள் இன்னொரு பெண்ணோடு கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இங்கிருந்து கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்குமா?" என்றேன்.

"ஏனுங்க, தை மாசக் காத்துலீங்களா? தொண்ட கிழியக் கத்துனாலும் கேக்காதுங்க. வேணும்னா கூப்புட்டுப் பாருங்க."

விடுவேனா! "அம்மணீ!" என்று மூன்று தரம் கத்தினேன். நாலாவது தரம் இருமல்தான் வந்தது. அவர்கள் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, இடுப்பை நிமிர்த்தும்போது தற்செயலாக என்னைப் பார்த்த ராமாத்தாள், பக்கத்துப் பெண்ணிடம் சாதாரணமாகச் சொன்னது எனக்கு அட்சர சுத்தமாகக் கேட்டது.

"கல்லுகிட்ட ஆரோ ஒரு குடைக்காரரு வாயத் தொறந்து தொறந்து மூடறாரு புள்ள. பாவம், பல்லுவலியாட்ட இருக்குது."

சின்னப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முதலில் மானம் போயிற்று, அப்புறம் உடம்பு சிலிர்த்தது. இருபத்திரண்டு வாரமாகச் செங்கமலத்தை ஒரு வார்த்தை பேசவிடாமல், அவன் குரலுக்குக் காத்திருக்க வைத்தே எழுதியிருக்கிறேன். இந்த ஊர்க் காற்று அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாசகர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

போகிறவர்கள் தை முடிவதற்குள் போங்கள். ஆடியில் காற்று நேர் எதிராக, மேற்கேயிருந்து அடிக்குமாம். குடை வேண்டாம், காதை மூட ஒரு துண்டு போதும். திரும்பும் ரயில் நாலு இருபதுக்கு. கதை எழுதுகிறவராக இருந்தால் எழுதுவதற்கு முன்னால் போங்கள், என்னைப்போல் மானம் போன பிறகு அல்ல.

ரயிலுக்கு நேரம் இருந்தது. கல்லடியில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தேன். அவன் கூப்பிடுகிறான். காற்று அதை மேற்கே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. செங்கமலத்துக்கு எதுவும் கேட்கவில்லை. செடி பிடுங்கிய கையோடு அவளாகவே நிமிர்ந்து, "நான் வாரனுங்க" என்று மெல்லச் சொல்கிறாள். அவனுக்குக் கேட்கிறது.