மின்னக் கூடாத எலி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். எலிகளுக்கு ஊசி போடுவது வேலை. எலி கடிக்கும் என்ற பயமில்லை. எலிக்கு வலிக்குமோ, கூடத்தை நடத்தும் மேடம் திட்டுவாரோ, திட்டாமல் சும்மா இருந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

கூடத்தின் லட்சியத்தைச் சொல்வது சுலபம். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் கட்டியை அழிக்கும் ஒரு மரபணுவைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் விட வேண்டும்; அது நேரே புற்றுக்கட்டிக்குப் போக வேண்டும். போகாது. கல்லீரல் நடுவழியில் மடக்கி விழுங்கிவிடும். பொட்டலம் எங்கே இறங்கியது என்று தெரிவதற்காக, சோதனையில் உள்ளே வைப்பது மின்மினிப் பூச்சியின் மரபணு. இறங்கிய இடம் இருட்டுப்பெட்டிக் கேமராவில் மின்னும். வருஷக்கணக்காகக் கல்லீரல்தான் மின்னிக்கொண்டிருந்தது.

அன்று காலை, கட்டி மின்னியது. எல்லா எலிகளிலும்.

"பூட்டண்ணே, பாத்தீங்களா என் உருண்டைய? கல்லீரலுக்கு டாட்டா காட்டிட்டு நேரா போயிருக்கு!" என்று உருண்டை தயாரிக்கும் பெண் குதித்தாள்.

சிரிப்புக்கும் தமக்கும் சம்பந்தமில்லாத மேடமே சிரித்தார். "ஒப்பிட்டுப் பாக்க, மருந்தில்லாம வெறும் உப்புத்தண்ணி போட்ட எலிங்கள நாளைக்குப் பாத்துக்கலாம். இந்த வருஷமே நோயாளிங்களுக்குப் போட்டுப் பாக்க அனுமதி கேக்கறேன்" என்று மாடியேறினார்.

பூட்டு மட்டும் படங்களைத் திரும்பவும் பார்த்தார். ஓர் எலிக்கு ஊசி வால் நரம்பைத் தவறிவிட்டிருந்தது. வால் உப்பி, பாதி மருந்து வெளியே கசிந்ததை அவரே பார்த்தார். அதன் கட்டி மங்கலாகத்தானே தெரிய வேண்டும்? அதுவும் மற்றவற்றுக்குச் சமமாக ஜொலித்தது.

கட்டி வளர்ப்பதற்காக எலிக்குள் வைக்கும் புற்றுச் செல்கள் உறைகலத்தில் இரண்டு வகை இருந்தன. ஒன்று சாதா. மற்றது மின்மினி மரபணுவை முன்பே ஏற்றி வைத்தது. மருந்தே போகாவிட்டாலும் தானாக மின்னும். செல்களை எடுத்த அன்றைக்குக் கலத்தை அதிகம் திறந்து வைத்தால் எல்லாம் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில், லேபிளில் படிந்த பனியைத் துடைக்காமல் குழாயை உருவியது இப்போது நினைவுக்கு வந்தது. எந்தப் பயத்துக்கு முதலில் பயப்படுவது என்பதில் மனிதர் கோட்டைவிட்டிருந்தார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, கேஸை அணைச்சோமான்னு கேக்கவா?"

"இல்ல. நான் ஒரு தப்பு பண்ணிட்டேனோன்னு..."

"தினமும்தான் கேக்கறீங்க. ஒரு நாளாவது பண்ணிருக்கீங்களா? சாப்பிடுங்க போங்க."

சாப்பிடவில்லை. உப்புத்தண்ணீர் மட்டும் போட்ட எலி ஒன்றை எடுத்து, மின்னுவதற்கான தீனியை ஊசியில் ஏற்றி, மயக்கி, இருட்டுப்பெட்டிக்குள் வைத்தார். இது இருட்டாக இருந்தால் காலை பார்த்தது நிஜம். திரையைப் பார்க்கப் பயந்து முதலில் சுவரைப் பார்த்தார்.

திரையில் கட்டி பளிச்சென்று மின்னியது.

பிறகு கைப்பேசியை எடுத்து ஏதோ செய்தார். படியேறினார்.

"மேடம், எலி மின்னுது."

"மின்னத்தானேய்யா வேணும்?"

"இது உப்புத்தண்ணி எலி, மேடம். கட்டி தானாவே மின்னுது. செல் குழாய நான்தான் மாத்தி எடுத்துட்டேன் போல."

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் தணிந்தது. "இது வேற யாருக்குத் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று பூட்டு பயந்திருந்தார். அதைவிட, கேள்வி வந்தால் தாம் தலையாட்டிவிடுவோம் என்று பயந்திருந்தார். தம்மைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"எல்லாருக்கும், மேடம். படத்த நம்ம குழுவுல போட்டுட்டுத்தான் மேல வந்தேன்."

மேடம் அவரையே பார்த்தார். "உன் வேலை போகும். தெரியுமா?"

"தெரியும் மேடம். அதான் படம் போயிடுச்சான்னு ரெண்டு தரம் பாத்துட்டு வந்தேன்."