ஞானமுத்து சாரின் வலது கை

“முடுக்கின போல்ட்டில் எதற்கு சார் சுண்ணக்கட்டிக் கோடு?” என்று ஞானமுத்து சாரிடம் ஒருமுறை கேட்டேன். சிவகாசிப் பக்கத்துப் பள்ளியில் அவர் தச்சு வாத்தியார். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். போன செவ்வாய்க்கிழமை காரியாபட்டியிலிருந்து அவர் மகள் எழுதிய கார்டு வந்தது. அப்பா போய்விட்டார் என்று இரண்டு வரி. அழுகை வரவில்லை. கார்டைத் திருப்பி என் விலாசத்தையே படித்துக்கொண்டிருந்தேன். அப்போது இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

அன்று பள்ளி ஊஞ்சலுக்கு போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். “கோடு இருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம் டீச்சர். அடுத்தவன் தொட மாட்டான்” என்றார். யுத்தத்தில் தகர்ந்த ரயில் பாலங்களை பர்மாவில் திரும்பக் கட்டிய ராணுவப் பிரிவில் இருந்தவர். ஒரு பாலத்தில், அவசரத்துக்கு, ஒரு வரிசை முழுக்கக் கோட்டை முதலில் போட்டுவிட்டார். முடுக்குவதற்குள் விமானம் வந்தது; ஓடிப் பதுங்கினார்கள். அவர் திரும்புவதற்குள் இன்னொருவர் கோட்டைப் பார்த்து, எஞ்சினைப் பாலத்தின் மேல் விடச் சொல்லிவிட்டார். பாலம் சரிந்தது.

“அடியில நின்னவன் என் கூட்டாளி. அம்புட்டுத்தான்” என்றபடி ஸ்பானரைத் துடைத்தார்.

இதைக் கேட்ட பிறகும் என் வழக்கம் மாறவில்லை. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் வந்ததாக முதலில் குறித்துவிடுவேன். வராதவர்களைப் பிறகு திருத்துவேன். நேரம் மிச்சம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காலை, பக்கத்துப் பட்டாசு ஷெட்டில் தீப்பிடித்து, எங்கள் கீற்றுக் கொட்டகை மேல் பொறி விழுந்தது. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் நிறுத்திப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. “மாரியம்மாளைக் காணோம் சார்” என்றேன். அவர் உள்ளே போனார். வெறுங்கையோடு வந்தார். வலது கை வெந்திருந்தது.

“அவளுக்குக் காச்சல் டீச்சர். இன்னைக்கு வரவே இல்லையே” என்றது அவள் அடுத்த வீட்டுப் பிள்ளை.

சார் என் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். “கோடு முந்திருச்சோ டீச்சர்?” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மற்றவர்களிடம், கருவிப் பெட்டியை எடுக்கப் போனதாகச் சொன்னார். “பர்மாவுல தப்பிச்சு வந்து, ஒரு உளிக்குக் கையக் குடுத்துட்டீகளே சார்” என்று வருஷக்கணக்காகக் கேலி செய்தார்கள். “நல்ல உளிய்யா அது” என்பார். அந்த விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. சிரித்தவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் இப்போது சொல்கிறேன். அவர் உளிக்காகப் போகவில்லை. நான் போட்ட கோட்டை நம்பிப் போனார்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் என்னிடம் மிச்சம். அதன்பின் ஓய்வு பெறும்வரை, முகத்தைப் பார்க்காமல் ஒரு பெயருக்கும் நான் குறி போட்டதில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு வேலையில், கதவைப் பூட்டுவதாகவே இருக்கட்டும், முடிந்தது என்று சொல்வதற்கு முன் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.