திடல் விழாவுக்குப் பிரித்த குடிசை

திடல் விழாவுக்கு முந்தின நாள் எங்கள் குடிசையை நானே பிரித்தேன். குடிசை என்றால் நாலு மூங்கில், மேலே கீற்று, சுற்றிலும் கோணிப் படுதா. பாலக்கரைப் பக்கம், நாலைந்து தெருக்களுக்கு நடுவே கிடந்த பொட்டல் திடலின் மேற்கு மூலையில், ஒரு பழைய மதிலை ஒட்டி அது நின்றது. தை மாதத்திலிருந்து நானும் என் மனைவியும் அதில் இருந்தோம். அவள் வயிற்றில் ஆனியில் பிறக்கவேண்டிய பிள்ளை.

அதுவரை இடம் என்பது எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொட்டியத்தில் வாழைத்தார் சுமந்தேன், மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டினேன், அலுத்த இடத்தில் படுத்துத் தூங்கினேன். மழை வந்தால் எழுந்து வேறு இடம் போவேன், அவ்வளவுதான். கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான் திரிந்தோம். பிள்ளை உண்டானது தெரிந்த பிறகுதான் மூங்கில் நட்டேன். நட்ட நாளிலிருந்து பயமும் கூடவே வந்தது. யாராவது எதிரே நின்று அந்த மூலையைப் பார்த்தாலே போய் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

திடலில் ஷெட் போடுவதற்கு ஒரு லாரி முதலாளி நகராட்சியிடம் இடம் கேட்டிருந்தார். தெருக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைகள் விளையாடுவது, மாதா சப்பரம் இறங்குவது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எல்லாம் அங்கேதான். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திடலுக்கு வந்து ஆடிப்பாடிச் சாப்பிடுவது, நகராட்சி அதிகாரி ஒருவரை அழைத்து அதைக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். ‘டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம்’ என்று தட்டியில் எழுதி வைத்தார்கள்.

முன்னின்று நடத்தியவர் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நல்ல மனிதர். எங்களை அங்கே இருக்கவிட்டவரும் அவர்தான்.

“ஒரு நாளைக்குப் பிரிச்சு வச்சுக்கப்பா. அதிகாரி வர்றப்ப திடல் திடலா இருக்கணும். குடிசையைப் பாத்தா, அவனுக்கு மட்டும் இடமா, எனக்கு இல்லையான்னு லாரிக்காரன் கேப்பான்.”

“திரும்பப் போட்டுக்கலாங்களா சார்?”

“திங்கக்கிழமை காலைல போட்டுக்க. நான்தான் சொல்றேன்ல.”

மூங்கில் நட்ட குழிகளை மூடச் சொன்னார்கள். மூடி மிதித்துச் சமப்படுத்தினேன். பிறகு பார்த்தால் எங்கள் இடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“காலியா விட்டா எவனாவது வந்து உக்காந்துக்குவான்” என்றாள் என் மனைவி. விழா அன்று காலையிலேயே அந்த இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு பக்கம் சடுகுடு, ஒரு பக்கம் சாக்கு ஓட்டம், நடுவில் பேண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த சமையற்காரர் அண்டாவில் புளியோதரை கிளறினார். எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கை ஊற்றிக்கொண்டிருந்தது, கண் மூலையை விட்டு நகரவில்லை. பேண்டுக்காரர்கள் அங்கே போய் மேளத்தை இறக்கினார்கள். இறக்கியது இறக்கியபடி இருந்துவிடுமோ என்று பார்த்தேன், எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு யாரோ சைக்கிள்களைக் கொண்டுவந்து சாய்த்தார்கள். என் மனைவி ஏதோ சொன்னாள், அவற்றையும் எடுத்தார்கள்.

உச்சி சாய்ந்து மதில் நிழல் விழுந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக அங்கே வந்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு போனேன். பருத்த அம்மாள் ஒருத்தி என் மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தத் தெரும்மா நீ?”

“இங்கதாங்க.”

“பாத்ததே இல்லையே?”

“நீங்க ஜன்னலைத் தொறந்தாத்தானேக்கா பாக்கறதுக்கு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு வாயப் பாரு. நவுந்துக்கடி, எனக்கு முட்டி வலி” என்று அந்த அம்மாளும் பாயிலேயே உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் யாரோ ஜமுக்காளம் கொண்டுவந்து பாயை ஒட்டி விரித்தார்கள். மூலை நிறைந்துவிட்டது. பெண்கள் இருக்கும் இடத்தில் யாரும் எதையும் கொண்டுவந்து போடமாட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெயில் தணிந்த பிறகு அதிகாரி வந்தார். சடுகுடு பார்த்தார், புளியோதரை சாப்பிட்டார், திடலைச் சுற்றி நடந்தார். மூலைக்கு வந்ததும் நின்றார்.

“லேடீஸ் எல்லாம் இங்கதான் உக்காருவாங்களா?”

“தினமும் இங்கதாங்க சார்” என்றாள் முட்டிவலிக்கார அம்மாள். அவள் அந்த மூலைக்கு வந்தது அன்றுதான். திடலைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

“அப்ப இவங்களுக்கு இங்கயே ஒரு சிமெண்ட் மேடை கட்டிடலாம். ரெண்டு வேப்பங்கன்னு வைங்க. நாளைக்கே ஆள் அனுப்பறேன். லாரி ஷெட்டுப் பேச்சு இனிமே கிடையாது.”

திடல் முழுக்கக் கைதட்டியது. பக்கத்திலிருந்தவர்கள் தட்டியதால் என் மனைவியும் தட்டினாள். பிறகு அவள் கை மட்டும் நின்றது.

கூட்டம் கலையும்போது ரயில்வேக்காரரிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசினார்.

“நீயே பாத்தேல்ல. அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டுப் போயிட்டாரு.”

“வேற மூலைல போட்டுக்கட்டுங்களா சார்?”

அவர் திடலை ஒரு சுற்றுப் பார்த்தார். “இனிமே ஆபீஸ்காரங்க அடிக்கடி வந்து பாப்பாங்கப்பா” என்றார். சமையற்காரரைக் கூப்பிட்டு எங்களுக்கு இரண்டு பொட்டலம் புளியோதரை கட்டித்தரச் சொன்னார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. லாரி ஷெட் வந்திருந்தாலும் நாங்கள் போகவேண்டியவர்கள்தான்.

“எங்க போறது?” என்று கேட்டாள் என் மனைவி, பாயைச் சுருட்டிக்கொண்டே.

“ஆத்துக்குப் போவோம். மணல்ல கொஞ்சம் பேர் குடிசை போட்டிருக்காங்க.”

மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். காவேரிப் பாலத்தில் ஏறினோம். கீழே மணல் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்து கிடந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“தண்ணி எப்ப வரும்?”

“மேட்டூரைத் தொறந்தா வந்துரும். ஆனி பொறக்கறப்ப.”

அவள் மணலையே பார்த்தாள். “வந்தா ஒரேயடியா வருமா, கொஞ்சங்கொஞ்சமா வருமா?”

“கொஞ்சங்கொஞ்சமாத்தான் வரும்” என்றேன். எனக்கு அது தெரியாது.